முதுகில் தோன்றும் பருக்கள்



மனிதன் தன் உடம்பில் தானே நேராகக் காண முடியாத பகுதிகளுள் பெரியது முதுகு. முகத்தில் ஒரு சிறு பரு தலைகாட்டினால் போதும். கண்ணாடி அதனை உடனே காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் உள்ளோருள் ஒருவர் வேப்பிலை என்பார். மற்றொருவர் சந்தனம் என்பார். முதுகில் எழும் பருவுக்கோ அத்தகைய வரவேற்பு இல்லை. அது மேலாடைக்குள் மறைந்து வளர்கிறது. நாற்காலியில் சாயும்போது வலிக்கிறது. வெள்ளைச் சட்டையில் சிறு இரத்தக் கறை படிகிறது. அப்போதுதான் அதனை நினைக்கிறோம். நினைத்த பின்னரும் பிறரிடம் சொல்லக் கூசுகிறோம். இவ்வாறு கூசி மறைத்த காலத்தில் பரு ஆறிப்போய், என்றும் நீங்காத தழும்பாக நிலைத்துவிடுவதும் உண்டு.

தோல் நோய் மருத்துவத்தில் ஈடுபட்டுள்ள நான் இன்று இந்தச் சிறு பொருளைப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. பரு உயிரைப் போக்கும் நோய் அன்று. ஆயினும் நீச்சல் குளத்தில் இறங்க மறுத்த இளைஞர்களையும், கபடிக் குழுவிலிருந்து தாமே விலகிக்கொண்ட மாணவர்களையும், விழாநாளிலும் கழுத்துவரை மூடிய உடையையே தேடிய மாணவிகளையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களுள் பலர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: "டாக்டர், நான் நாள்தோறும் இருமுறை குளிக்கிறேனே, பின் ஏன் எனக்கு இது வந்தது?" அக்கேள்விக்கு விடை கூறுவதிலேயே இந்நோயின் பாதி மருத்துவம் அடங்கியிருக்கிறது.

முதலில் பரு எவ்வாறு உண்டாகிறது என்பதைக் காண்போம். நம் உடம்பில் உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக ஏறத்தாழ எல்லா இடத்திலும் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஒரு சிறிய எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சுரக்கும் நெய்ப்பு, மயிர்க்காலின் குழல் வழியாக மேலேறி வந்து தோலை மென்மையாக வைத்திருக்கிறது. இச்சுரப்பிகள் முகம், மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் பெரியனவாகவும் மிகுதியாகவும் அமைந்துள்ளன. பரு இந்த மூன்று இடங்களையே நாடுவதன் காரணம் இதுதான்.

குழந்தைப் பருவத்தில் இச்சுரப்பிகள் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி உடம்பில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர்கள் பெருகும்போது அவை விழித்துக்கொள்கின்றன. ஆண்ட்ரோஜன்கள் ஆண்களிடம் மட்டுமே உள்ளவை என்று எண்ணவேண்டா. பெண்களிடமும் அவை ஓரளவு உண்டு. நெய்ப்பு மிகுகிறது. அதே வேளையில் குழலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய தோலணுக்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் உதிர்ந்த அணுக்களும் சேர்ந்து, புட்டியின் வாயில் தக்கை வைத்தாற்போல் குழலை அடைத்துவிடுகின்றன. அடைப்பு மூடிக் கிடந்தால் வெண்புள்ளி. வாய் திறந்து கிடந்தால் கரும்புள்ளி.

கரும்புள்ளியின் கருமை அழுக்கு என்றே பலர் எண்ணுகின்றனர். அது அழுக்கு அன்று. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருளும் கொழுப்பும் காற்றுப்பட்டுக் கறுத்ததால் விளைந்த நிறமே அது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாதது இதனால்தான்.

அடைபட்ட குழலுக்குள் காற்று நுழைவதில்லை. அங்கே க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் ஒருவகை நுண்ணுயிர் பெருகுகிறது. இது வெளியிலிருந்து வந்து தாக்கும் பகைவன் அன்று. நம் எல்லோருடைய தோலிலும் குடியிருப்பதே. ஆயினும் எண்ணெய் தேங்கிய, காற்றில்லாத இடத்தில் அதற்கு விருந்து கிடைத்தாற்போல் ஆகிறது. அது பெருகப் பெருக, உடம்பின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கொள்கிறது. குழலின் சுவர் உடைந்து உள்ளிருப்பவை ஆழத்தில் கசிந்தால், வலி மிகுந்த பெரிய கட்டிகள் உண்டாகின்றன. முதுகின் தோல் தடிப்பானது. ஆதலால் அங்குத் தோன்றும் கட்டிகள் ஆழமாகவும், ஆற நாட்பட்டனவாகவும் இருக்கும்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பரு அழுக்கால் வருவதன்று. ஒழுக்கக் குறைவால் வருவதும் அன்று. தோலின் ஆழத்தில் நிகழும் அடைப்பினால் வருவது. இளம்பருவத்தினருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏதேனும் ஓர் அளவில் இதனை அடைகின்றனர். முகப்பருவுக்காக மருத்துவரை நாடுவோரை ஆராய்ந்து பார்த்தால், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதுகிலோ மார்பிலோ பரு இருப்பதைக் காணலாம். இது உங்களுக்கு மட்டுமே வந்த தண்டனை என்று எண்ணி வருந்தவேண்டுவதில்லை.

இனி, முதுகுக்கென்றே சில சிறப்பான காரணங்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது அழுத்தமும் உராய்வும். 1975ஆம் ஆண்டில் மில்ஸ், கிளிக்மன் என்னும் இரு அமெரிக்க மருத்துவ அறிஞர் இதனை விளக்கி எழுதினர். கால்பந்தாட்ட வீரர்கள் தோளில் அணியும் கனத்த காப்புகள், தலைக்கவசத்தின் வார் முதலியன தோலை அழுத்தி உரசும் இடங்களில் பரு மிகுவதை அவர்கள் எடுத்துக்காட்டினர். நம் மாணவர்கள் அத்தகைய காப்புகளை அணிவதில்லை. ஆனால் புத்தகப் பை சுமக்கிறார்கள். கனத்த பையின் வார் தோளை அழுத்துகிறது. பையின் பின்புறம் முதுகில் ஒட்டிக்கொண்டு வியர்வையை வெளியேற விடாமல் செய்கிறது. அடைபட்ட மயிர்க்கால் மேலும் அடைபடுகிறது. பள்ளிப் பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. அது முதுகெலும்பை எண்ணிக் கூறிய விதி. முதுகுத் தோலும் அதற்கு நன்றி கூறும் என்பது என் கருத்து.

இரண்டாவது காரணம் வெப்பமும் ஈரமும். இரண்டாம் உலகப் போரின்போது குளிர் நாடுகளிலிருந்து ஆசியாவின் வெப்பப் பகுதிகளுக்கு வந்து போரிட்ட வீரர்கள் பலருக்கு முதுகிலும் இடுப்பின் கீழும் கடுமையான பருக்கள் தோன்றின. மருத்துவர்கள் அதற்கு வெப்பமண்டலப் பரு என்றே பெயரிட்டனர். கனத்த மூட்டை, நனைந்த சீருடை, ஓயாத வியர்வை ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்ததன் விளைவு அது. அவ்வீரர்களைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிய பின்னரே நோய் தணிந்தது. நம் நாட்டு மாணவனைக் குளிர்நாட்டுக்கு அனுப்ப இயலாது. ஆனால் வியர்வையில் நனைந்த செயற்கை இழைச் சட்டையை விளையாட்டு முடிந்தவுடன் கழற்றிவிட்டு, உலர்ந்த பருத்திச் சட்டையை அணியச் சொல்லலாம் அன்றோ?

மூன்றாவது காரணம் தலைக்கு இடும் எண்ணெய். தலைமயிருக்குப் பூசும் பூச்சுகள் நெற்றியிலும் பொட்டிலும் வழிந்து சிறு பருக்களை உண்டாக்குவதை 1970ஆம் ஆண்டிலேயே அறிஞர்கள் விளக்கியுள்ளனர். முதுகுக்கும் இது பொருந்தும். எண்ணெய் தோய்ந்த நீண்ட பின்னல் நாள்முழுதும் முதுகில் படிந்து கிடக்கிறது. எண்ணெய்க் குளியலின்போது முதுகிலே தேய்த்த எண்ணெய் முற்றும் நீங்காமல் தங்கிவிடுகிறது. எண்ணெய்க் குளியலை நான் வேண்டாவென்று கூறவில்லை. பரு உள்ளவர்கள் முதுகிலும் தோளிலும் எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடலாம். முதலில் தலையை முன்புறம் குனிந்து சீயக்காயோ ஷாம்புவோ இட்டு அலசிவிட்டு, இறுதியில் முதுகைக் கழுவுக. தலையிலிருந்து வழிந்தது எதுவும் முதுகில் தங்காது.

முதுகில் எழும் குருக்கள் எல்லாம் பரு அல்ல என்பதையும் இங்கே கூறவேண்டும். கோடையில் எழும் வேர்க்குரு உங்கள் அனைவருக்கும் தெரியும். அது வியர்வைக் குழல் அடைபடுவதால் வருவது. குளிர்ச்சி கிடைத்தால் சில நாளில் மறையும். இன்னொன்று உண்டு. மேல்முதுகிலும் மார்பிலும் எல்லாம் ஒரே அளவாக, சிறு மணிகளைத் தூவினாற்போல் தோன்றி, கடுமையாக அரிக்கும். கரும்புள்ளியோ வெண்புள்ளியோ அங்கே காணப்படாது. அது மலசீசியா என்னும் ஈஸ்ட்டு வகைக் காளான் மயிர்க்காலில் பெருகுவதால் வருவது. உங்களுள் சிலருக்கு மார்பிலும் முதுகிலும் படரும் தேமலும் அக்காளான் இனத்தால் வருவதே. பருவுக்கென்று நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை உண்டால், இவ்வகைக் குரு குறைவதற்கு மாறாகப் பெருகும். அதற்குக் காளானை அழிக்கும் மருந்துகளே வேண்டும். ஆகவே அரிப்பு மிகுந்த குருவைப் பரு என்று நீங்களே முடிவு செய்துவிடலாகாது.

இனி, செய்யத் தகாதவற்றைக் கூறுகிறேன். அழுக்கால் வந்தது என்ற எண்ணம் இருப்பதால் பலர் முதுகைப் போர்க்களம் ஆக்கிவிடுகின்றனர். பீர்க்கங்காய் நாரையும் முரட்டுத் தூரிகையையும் கொண்டு தோல் சிவக்கும்வரை தேய்க்கின்றனர். உராய்வே பருவுக்கு ஒரு காரணம் என்று முன்னரே கண்டோம். நோயைத் தேய்த்துப் போக்க முயல்பவர் அதனைத் தேய்த்து வளர்க்கின்றனர். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் பூசுவோரும் உளர். இவை தோலை எரித்துப் புண்ணாக்கிக் கருந்தடத்தை விட்டுச் செல்லும். பருவை நகத்தால் கிள்ளுவதும், நண்பனைக் கொண்டு பிதுக்கச் செய்வதும் கூடா. வெளியே வரும் சீழைவிட உள்ளே ஆழத்தில் சிதறும் சீழே மிகுதி. அதன் பயன் தழும்பு.

இவையனைத்தினும் கொடியது ஒன்றுண்டு. மருந்துக் கடையில் பெயர் கேட்டு வாங்கும் களிம்பு. அரிப்புக்கும் சிவப்புக்கும் நிற மாற்றத்துக்கும் என்று விற்கப்படும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு என்னும் வலிய மருந்து கலந்துள்ளது. பூசிய இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கும்; "ஆகா, நல்ல மருந்து!" என்று தோன்றும். வாரங்கள் செல்லச் செல்ல ஒரே மாதிரியான பருக்கள் கூட்டமாக எழும். தோல் மெலியும்; வரிவரியாகக் கோடுகள் விழும். அக்கோடுகள் முற்றும் மறைவதில்லை. இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று இந்திய அரசு 2018ஆம் ஆண்டில் விதி செய்தது. விதி இருப்பினும் காவல் நம்மிடமே உள்ளது. களிம்பில் என்ன இருக்கிறது என்று மருத்துவரைக் கேட்டறியாமல் எதனையும் பூசாதிருப்பதே அக்காவல்.

என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவனைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன். அவனுடைய முதுகும் தோளும் முழுவதும் கட்டிகள். ஆறு மாதத்துக்கு முன் ஓரிரண்டு பருக்களே இருந்தன என்றான். "தம்பி, வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறாயா?" என்று கேட்டேன். நெடுநேரம் தயங்கிய பின், உடற்பயிற்சிக் கூடத்தில் பழகிய ஒருவர் தசை பெருக்க ஊசி போடுவதாகக் கூறினான். அது அனபாலிக் ஸ்டீராய்டு. ஆண்ட்ரோஜனின் உடன்பிறப்பு எனலாம். எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும் இயக்குநீரையே ஊசியில் ஏற்றிக்கொண்டு, மறுபுறம் பருவுக்குக் களிம்பு தேடிக்கொண்டிருந்தான் அவன். ஊசியை நிறுத்தி, முறையாக மருத்துவம் செய்த பின் கட்டிகள் அடங்கின. ஆனால் அவன் தோளில் விழுந்த தழும்புகளை என்னால் அழிக்க முடியவில்லை. உடலை வளர்க்க எண்ணும் இளைஞர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டுகிறேன். அவ்வூசிகள் இதயத்துக்கும் ஈரலுக்கும் இழைக்கும் தீங்கு இதனினும் பெரிது.

வேறு நோய்க்காக மருத்துவர் தரும் மருந்துகளாலும் சிலருக்குப் பரு வருவதுண்டு. காசநோய்க்குத் தரும் ஐசோனையசிட் அவற்றுள் ஒன்று. அதற்காக அம்மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பருவை ஆற்றிக்கொள்ளலாம், காசநோய் மருந்தை இடையில் விடுதல் உயிருக்கே தீங்காகும். மருத்துவரிடம் கூறினால் போதும்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ குளிப்பதும், வியர்வை சிந்திய பின் விரைவில் குளிப்பதும் போதும். வெந்நீர் வேண்டா, இளஞ்சூடான அல்லது குளிர்ந்த நீரே நன்று. மென்மையான சோப்பைக் கையால் குழைத்துப் பூசிக் கழுவுக. துண்டால் ஒற்றித் துடைக்கவேண்டும், உரசலாகாது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறையேனும் துவைத்து மாற்றுக. தோலுக்குப் பூசும் பூச்சுகள் எதுவாயினும் மயிர்க்காலை அடைக்காதது எனக் குறிப்பிடப்பட்டதையே தேர்ந்தெடுங்கள்.

மருந்துகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது பென்சாயில் பெராக்சைடு. அது அடைபட்ட குழலுக்குள் ஆக்சிஜனைச் செலுத்தி, காற்றை விரும்பாத அந்நுண்ணுயிரை அழிக்கிறது. பிற நுண்ணுயிர்க்கொல்லிகளைப்போல் நாளடைவில் கிருமிகள் இதனை எதிர்த்துப் பழகிக்கொள்வதில்லை; இதுவே இதன் பெருஞ்சிறப்பு. முதுகு பரந்த இடமாதலால், கழுவும் வடிவில் கிடைக்கும் மருந்தே எளிது. குளிக்கும்போது முதுகில் பூசி, இரண்டு முதல் ஐந்து நிமிடம் விட்டுவைத்து, பின் நன்றாகக் கழுவிவிட வேண்டும். பூசியவுடன் கழுவினால் பயன் குறைவு. ஒரே ஓர் எச்சரிக்கை: இம்மருந்து துணியின் சாயத்தை வெளுத்துவிடும். ஆகவே வெள்ளைத் துண்டையே பயன்படுத்துங்கள். வண்ணச் சட்டையை அணியுமுன் முதுகு முற்றும் உலர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அடைப்பையே தடுக்கும் மருந்துகள். வைட்டமின் ஏயின் இனத்தைச் சேர்ந்த அடாபலீன் போன்ற களிம்புகள் குழலின் உட்சுவரில் அணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கின்றன. இரவில் மெல்லிய படலமாகப் பூசவேண்டும். தொடக்கத்தில் தோல் சற்று வறண்டு உரியும். ஆதலால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குதல் நன்று. பருவின்மேல் மட்டும் பொட்டு வைத்தாற்போல் பூசுவதில் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத அடைப்புகள் சுற்றிலும் இருப்பதால், பரு தோன்றும் பகுதி முழுவதும் பூசுதல் வேண்டும். கருவுற்ற மகளிர் இவ்வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்.

இங்கேதான் பொறுமை தேவைப்படுகிறது. இன்று நீங்கள் காணும் பரு இன்று பிறந்ததன்று. பல வாரங்களுக்கு முன்னரே அது தோலுக்குள் கருக்கொண்டது. இன்று பூசும் மருந்து, இனிப் பிறக்கவிருக்கும் பருக்களையே பெரிதும் தடுக்கிறது. ஆகவே ஆறு முதல் எட்டு வாரம் வரை பெரிய மாறுதல் தெரியாமற்போகலாம். முழுப் பயனை அறியப் பன்னிரண்டு வாரம் வேண்டும். காலாண்டுத் தேர்வின்போது தொடங்கிய மருந்தின் பயனை அரையாண்டுத் தேர்வின்போது பாருங்கள் என்று என்னிடம் வரும் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். ஒரு வாரம் பூசிவிட்டு, பயனில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பவர் எந்த மருந்தின் பயனையும் காண்பதில்லை.

சீழ் கொண்ட பெரிய கட்டிகள், ஆழமான வலி, தழும்பின் தொடக்கம் இவற்றுள் ஏதேனும் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் செல்லவேண்டும். பெண்களுக்குப் பருவோடு மாதவிலக்கு ஒழுங்கின்மையோ, முகத்தில் மிகுதியான மயிர் வளர்ச்சியோ இருந்தால் இயக்குநீர்களின் நிலையையும் ஆராயவேண்டும். மருத்துவர் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையைச் சில மாதங்களுக்குத் தரலாம். அதனைத் தனியே தராமல் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத் தருவதும், மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டிக்காமல் இருப்பதும் முறை. கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறாதிருக்கவே இவ்வேற்பாடு.

மிகக் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் என்னும் மருந்து உண்டு. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இது, எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் ஆற்றலுடையது. பலருக்கு நெடுநாள் விடுதலை தந்துள்ளது. ஆனால் கருவுற்றிருக்கும்போது உட்கொண்டால் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான குறைகளை உண்டாக்கும். ஆதலால் மருத்துவரின் கண்காணிப்பும் இரத்தப் பரிசோதனையும் இன்றி இதனைத் தொடவே கூடாது. தோழிக்குத் தந்த சீட்டைக் காட்டி வாங்கும் மருந்து அன்று இது.

உணவைப் பற்றிக் கேட்காத மாணவர் இல்லை. "உடம்புச் சூட்டினால் வந்தது, மாம்பழம் தின்றாய், முட்டை தின்றாய்" என்று பெரியோர் கூறுவர். அதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆயினும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா என்னும் தீவில் வாழும் 1,200 பேரைச் சோதித்தபோது ஒருவரிடமும் பரு காணப்படவில்லை. கிழங்கும் கனியும் தேங்காயும் மீனும் உண்பவர் அவர்கள். அதற்கு உணவு ஒன்றே காரணம் என்று துணிந்து கூற இயலாது. ஆனால் சர்க்கரையும் வெண்மாவும் மிகுந்த உணவு இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றி, அதன் வழியாக எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டக்கூடும் என்பதற்குப் பிற ஆய்வுகளும் துணை நிற்கின்றன. பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடியை உண்ணத் தொடங்கிய பின் சிலருக்குப் பரு மிகுந்ததையும் மருத்துவர்கள் கண்டுள்ளனர். இனிப்புப் பானங்களையும் அப்பொடியையும் குறைத்துப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. பட்டினி கிடப்பதும் பத்தியம் இருப்பதும் தேவையில்லை.

பரு ஆறிய பின் எஞ்சுவன இரண்டு. ஒன்று கருந்தடம், மற்றொன்று தழும்பு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கருந்தடம் பெரிதும் தங்கும். ஆனால் அது நிற மாற்றமே. மாதங்கள் செல்ல மெல்ல மங்கிவிடும். தழும்பு அவ்வாறன்று. அது தோலின் அமைப்பே சிதைந்ததன் அடையாளம். சிலருக்கு மேல்முதுகிலும் தோளிலும் மார்பிலும் ஆறிய புண் அடங்காமல் மேடாக வளர்ந்து கெலாய்டு என்னும் தழும்பு மேடாகிவிடும். அரிப்பும் வலியும் தரும் அதனை அடக்குதல் எளிதன்று. உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் அத்தகைய மேடு இருந்தால், நீங்கள் பருவுக்கு முதல் நாளிலேயே மருத்துவம் தேடுவது நல்லது. கருந்தடத்துக்கு அஞ்சவேண்டா, தழும்புக்கு அஞ்சுங்கள். அஞ்சி, முன்னதாகவே வந்து சேருங்கள்.

நிறைவாக ஒன்று. முதுகு நாம் காண முடியாத இடம் மட்டுமன்று. நம் கை முழுதும் எட்டாத இடமும் ஆகும். அங்கே மருந்து பூசப் பிறர் கை வேண்டும். கண்ணாடி இரண்டை எதிரெதிரே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்; நீண்ட கைப்பிடியுள்ள பூசியும் பயன்படும். ஆனால் தாயிடமோ தமக்கையிடமோ, விடுதியில் தங்கிப் படிப்பவராயின் நம்பிக்கைக்குரிய தோழரிடமோ, "என் முதுகைச் சற்றுப் பார்" என்று கூறுவதே எளிய வழி. பல திங்களாக மூடி வைத்த துயரம் அந்த ஒரு சொல்லிலேயே பாதி குறைந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அவ்வாறு கேட்கப்பட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நகைக்காதீர்கள். "நன்றாகக் குளி" என்று அறிவுரை கூறாதீர்கள். அவர் நன்றாகத்தான் குளிக்கிறார். மருந்தை வாங்கி, அவர் கை எட்டாத இடத்தில் மென்மையாகப் பூசிவிடுங்கள்.

இளமையில் வரும் இந்நோய் பெரும்பாலோர்க்கு இருபது வயதைத் தாண்டித் தணியும். அதுவரை காத்திருப்போம் என்று இருந்துவிடுவதால் நோய் போய்விடலாம். ஆனால் அதன் சுவடு போவதில்லை. நோய் இருக்கும்போதே அறிவோடும் பொறுமையோடும் அதனை நடத்திச் செல்வோர்க்குச் சுவடும் இல்லை, நாணமும் இல்லை. விளையாட்டுத் திடலிலும் நீச்சல் குளத்திலும் உங்கள் இளமைக்கு உரிய இடத்தை ஒரு பரு பறித்துக்கொள்ள இடந்தராதீர்கள்.